எழுந்து நின்ற ஓவியர்: லூசியன் ஃப்ராய்டின் தூரிகையும் வெள்ளையும் நேரமும்

பாரிஸில் ஒரு ஹோட்டல் அறை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஒரு பெண் கட்டிலில் படுத்திருக்கிறாள். விரல்கள் கன்னத்தில் பதிந்திருக்கின்றன. அவளுக்குப் பின்னால், ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியபடி, பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு ஓர் ஆண் நிழல்போல நிற்கிறான். அவள் பார்வை எங்கேயோ இருக்கிறது. 1954-இல் லூசியன் ஃப்ராய்ட் வரைந்த 'ஹோட்டல் படுக்கையறை' இது. படுத்திருப்பவர் அவருடைய இரண்டாவது மனைவி கேரலைன் பிளாக்வுட், நிற்பவர் ஓவியரேதான். 91 சென்டிமீட்டருக்கு 61 என்ற அளவுள்ள படம், இப்போது கனடாவின் ஃப்ரெடரிக்டன் நகரிலுள்ள பீவர்ப்ரூக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

தான் உட்கார்ந்து வரைந்த கடைசிப் படம் இதுதான் என்று ஃப்ராய்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு 2011-இல் இறக்கும்வரை, ஐம்பத்தேழு ஆண்டுகள், ஈசலுக்கு (கேன்வாஸைத் தாங்கும் சட்டகம்) முன்னால் நின்றுகொண்டே வரைந்தார். கடைசியாக உட்கார்ந்து வரைந்த படத்துக்குள் அவர் நின்றுகொண்டிருப்பது தற்செயல்தான் என்றாலும், பார்க்கும்போது அப்படித் தோன்றுவதில்லை.

ஃப்ராய்டைப் பற்றி எழுத வருபவர்கள் வழக்கமாகத் தாத்தாவில் ஆரம்பிப்பார்கள். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டின் பேரன், அதனால் படங்களும் மனதின் ஆழத்தைத் தோண்டுகின்றன என்று முடிப்பார்கள். இந்த வழி அவ்வளவாக எங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அவருடைய கலைப் பார்வை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கையில் எந்தத் தூரிகை இருந்தது, எந்த வெள்ளையைப் பிழிந்தார், நின்றாரா உட்கார்ந்தாரா, எதிரில் இருப்பவர் எத்தனை மணி நேரம் இருந்தார் என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடினாலே போதும்.

பிறந்தது பெர்லினில், 1922 டிசம்பர் 8. அப்பா எர்ன்ஸ்ட் கட்டடக் கலைஞர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. 1939-இல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. அதே ஆண்டு டெடம் என்ற ஊரில் செட்ரிக் மோரிஸ் நடத்திவந்த ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அந்தப் பள்ளிக் கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோனது. ஃப்ராய்ட் அணைக்காமல் போட்ட சிகரெட்தான் காரணம் என்றொரு பேச்சு உண்டு, அவரும் அதை மறுக்க ரொம்பச் சிரமப்படவில்லை. 1941-இல் வணிகக் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பினார். 1944-இல் லண்டனின் லெஃபேவ்ர் கேலரியில் முதல் தனிக் கண்காட்சி. அதன்பின் நெடுங்காலம் பேடிங்டன் பகுதியில், கால்வாய்க் கரையோரத்துப் பாழடைந்த வீடுகளில்தான் ஸ்டூடியோ.

முதல் பத்தாண்டுப் படங்களைப் பார்ப்பவர்களுக்குப் பிற்காலப் படங்களும் இதே ஆளுடையவை என்று நம்புவது கஷ்டம். அவை அத்தனையும் கோடுதான். மெல்லிய நெசவுள்ள கேன்வாஸில், சேபிள் எனப்படும் மென்முடித் தூரிகையின் ஊசி முனையால், நீர்க்கக் கரைத்த வண்ணத்தை முடி முடியாக இழுத்திருக்கிறார். 1950–51-இல் வரைந்த 'வெள்ளை நாயுடன் பெண்' இதன் உச்சம். முதல் மனைவி கிட்டி கார்மன் அமர்ந்திருக்கிறார். அவர் மடியில் புல் டெரியர் நாய் தலை சாய்த்திருக்கிறது. மஞ்சள் அங்கி ஒரு பக்கம் வழுக்கி மார்பு தெரிகிறது. நாயின் ரோமம், அங்கியின் கயிறு, கண் இமை எல்லாம் ஒரே கூர்மையில் இருக்கின்றன. 'இருத்தலியத்தின் ஆங்க்ர்' (ஆங்க்ர், கோட்டுத் துல்லியத்துக்குப் பேர்போன பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்) என்று விமர்சகர் ஹெர்பர்ட் ரீட் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்தக் காலத்துப் படங்களை வைத்துத்தான்.

சேபிள் தூரிகை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முடி மென்மையானது, ஈரமானால் முனை ஒன்றாகக் கூடிக் கூராகும். எண்ணெயோ டர்பன்டைனோ கலந்து இளக்கிய வண்ணத்தைத்தான் அது தாங்கும். ட்யூபிலிருந்து வந்த கெட்டியான வண்ணத்தைத் தொட்டால் முடி மடங்கிவிடும். அதைப் பிடிப்பவர் விரலாலும் மணிக்கட்டாலும் வரைவார், தோள் அசையாது. அப்படி வரைய வேண்டுமானால் உட்கார வேண்டும், கேன்வாஸ் முகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாடலும் பக்கத்தில் இருந்தால்தான் இமை முடியை எண்ண முடியும். அந்தக் கால முகங்களில் கண்கள் இயல்பைவிடப் பெரிதாக இருப்பதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம். ஓர் அடி இரண்டடி தூரத்தில் இருக்கும் முகத்தைக் கண் ஒரே வீச்சில் வாங்காது. கண்ணைத் தனியாக, மூக்கைத் தனியாக, வாயைத் தனியாகப் பார்க்கும். பார்த்த ஒவ்வொன்றும் அதன் முக்கியத்துக்கு ஏற்ப வீங்கிவிடும்.

இந்த முறையின் மிகச் சிறிய, மிகச் செறிவான படம் 1952-இல் வரைந்த, ஓவிய நண்பர் ஃபிரான்சிஸ் பேக்கனின் முகம். 17.8-க்கு 12.8 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு தபால் அட்டை. வரைந்தது செப்புத் தகட்டின்மேல். கேன்வாஸ் வண்ணத்தின் எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சும், நெசவும் மேலே தெரியும். செம்பு எதையும் உறிஞ்சாது. வண்ணம் முழுவதும் மேற்பரப்பிலேயே தங்கும். வைத்த புள்ளி வைத்த இடத்தில் நிற்கும். தவறு செய்தால் அதுவும் அப்படியே நிற்கும். இரண்டு பேரும் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள், தகடு ஃப்ராய்டின் மடியில். லண்டனின் டேட் கேலரி வாங்கிய அந்தப் படம் 1988 மே மாதம் பெர்லினில் கண்காட்சியில் இருந்தபோது பட்டப்பகலில் திருடுபோனது. 2001-இல் ஃப்ராய்டே 'தேடப்படுகிறது' என்று போஸ்டர் வடிவமைத்து பெர்லின் முழுக்க ஒட்டவைத்தார், மூன்று லட்சம் மார்க் பரிசு அறிவித்தார். படம் இன்னும் வரவில்லை. தபால் அட்டை அளவு படத்தை மேல்சட்டைக்குள் வைத்து எடுத்துப்போவது எளிது. செம்பின் சௌகரியங்களில் இது ஓவியர் நினைத்துப்பார்க்காத ஒன்று.

பேக்கன்தான் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பினார் என்று சொன்னால் மிகையாகாது. இருவரும் ஏறக்குறைய தினமும் சந்தித்துக்கொண்ட காலம் அது. பேக்கன் ஒரே வீச்சில் வாழ்க்கையை வண்ணமாக்க முயன்றவர், புகைப்படம் பார்த்து வரைந்தவர், கெடுத்தால் கிழித்தெறிந்தவர். அந்தத் துணிச்சல் மட்டும்தான் ஃப்ராய்டுக்குத் தேவைப்பட்டது. முறையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, புகைப்படத்தின் பக்கமும் போகவில்லை. தன் கோட்டுத் திறமை வண்ணத்தின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று தோன்றியதும் அவர் கொஞ்ச காலம் கோட்டோவியம் போடுவதையே நிறுத்தினார், சேபிளைக் கீழே வைத்தார், பன்றி முடித் தூரிகையை எடுத்தார்.

பன்றி முடி முரடு. ஒவ்வொரு முடியின் நுனியும் பிளந்திருக்கும், அந்தப் பிளவுதான் கெட்டி வண்ணத்தைக் கவ்விப் பிடிக்கும். இழுத்தால் உழவுசால்போலத் தடம் விழும். அந்தத் தூரிகையால் இமை முடி வரைய முடியாது. ஆனால் கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது, அங்கே தோல் எப்படி இறுகுகிறது என்பதை ஒரே இழுப்பில் சொல்லிவிடலாம். இழுப்பு தோளிலிருந்து வர வேண்டும், தோள் அசைய இடம் வேண்டும், அதற்கு நிற்க வேண்டும். 1958–59-இல் முடித்த 'சிரிக்கும் பெண்' படத்தில் மாற்றம் வெளிப்படையாகவே தெரிகிறது: முகத்தில் கோடு போய்விட்டது, சதைத் திட்டுகள் வந்துவிட்டன. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இளமையில் அவரை ஆதரித்த கலை வரலாற்றாசிரியர் கென்னத் கிளார்க் விலகிப்போனார். நன்றாக விற்றுக்கொண்டிருந்த கை வித்தையை முப்பத்தைந்து வயதில் வேண்டுமென்றே கைவிட்டவர்களை ஓவிய உலகில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதன்பிறகு வந்த பத்து ஆண்டுகளில் பல படங்கள் சுமார்தான். திட்டுகள் இருக்கின்றன, அவை எலும்பில் போய் ஒட்டவில்லை. அமெரிக்க அரூப ஓவியமும் பிறகு கருத்தியல் கலையும் கொடிகட்டிப் பறந்த காலம் வேறு. மனிதரை எதிரே உட்காரவைத்து வரைபவர் என்றால் பழைய காலத்து ஆள் என்று பொருள்.

நின்றதில் இன்னொன்றும் நடந்தது. நிற்பவருடைய கண் தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் இருக்கிறது. கட்டிலிலோ தரையிலோ கிடப்பவரை அவர் மேலிருந்து பார்க்கிறார். ஃப்ராய்டின் படங்களில் தரைப் பலகைகள் சுவர்போல எழும்பி நிற்பதும், கட்டிலில் இருப்பவர் இப்போதே நம் பக்கம் சரிந்து விழுந்துவிடுவார்போல இருப்பதும் இதனால்தான். இதோடு தூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உருவத்தின் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரத்தில் நின்றால்தான் முழு உடலும் ஒரே பார்வையில் சிதையாமல் விழும் என்பது ஓவியப் பள்ளிகளில் சொல்லித்தரும் கணக்கு. ஆறடி ஆளுக்குப் பன்னிரண்டு அடியாவது வேண்டும். ஃப்ராய்ட் அதைவிட ரொம்பப் பக்கத்தில் நின்றார். அப்போது தலையைப் பார்க்கக் கழுத்தை ஒரு பக்கம் திருப்ப வேண்டும், பாதத்தைப் பார்க்க இன்னொரு பக்கம். ஒவ்வொரு திருப்பமும் ஒரு தனிப் பார்வைக் கோணம். அவர் படங்களில் தொடை பெருத்தும் பாதம் பிதுங்கியும் தெரிவதை அவர் மனிதரை வெறுத்ததற்கு அடையாளமாகச் சிலர் படிக்கிறார்கள். பாதிக்குமேல் அது நின்ற இடத்தின் கணக்குதான்.

அடுத்தது வெள்ளை. எழுபதுகளின் நடுவிலிருந்து அவர் தோலுக்குக் 'க்ரெம்னிட்ஸ் வெள்ளை' என்ற ஈய வெள்ளையைப் பயன்படுத்தினார். (இது காரீயத்திலிருந்து வருவது. தமிழில் வெள்ளீயம் என்றால் அது வேறு உலோகம், பாத்திரத்துக்குப் பூசுவது; பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.) தோல் நிறம் கலப்பவர்கள் எல்லோரும் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் வெள்ளைதான். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டைட்டானியம் வெள்ளை மிக வலுவானது. ஒரு துளி சேர்த்தாலே மற்ற நிறங்களை விழுங்கிவிடும், தோல் சுண்ணாம்புபோல வெளிறிவிடும். துத்தநாக வெள்ளை மென்மையாகக் கலக்கும், ஆனால் ஆண்டுகள் போகப்போக நொறுங்கும் தன்மைக்கு வந்து வெடிக்கும். ஈய வெள்ளைக்கு நிறமாற்றும் வலு குறைவு. அதனால் ஒரு மஞ்சள் மண்ணையும் ஒரு சிவப்பு மண்ணையும் அதோடு சேர்த்தால் நிறம் சாகாமல் படிப்படியாக வெளுக்கும்; வெதுவெதுப்பும் மிஞ்சும். எண்ணெயோடு வினைபுரிந்து வலுவான, நெகிழ்வான படலமாகக் காயும், சீக்கிரமும் காயும். மெல்லிய பூச்சு இரண்டு மூன்று நாளில் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும்.

க்ரெம்னிட்ஸில் இன்னொரு குணம் உண்டு: எண்ணெய் குறைவு, நிறமி அதிகம். ட்யூபைத் தூக்கினால் கையில் கனக்கும். பிழிந்தால் வெண்ணெய்போல வழுக்காமல் கயிறுபோல இழுபடும். கேன்வாஸில் வைத்தால் வைத்த மேடு அப்படியே நிற்கும். அதன்மேல் அடுத்த வாரம் இன்னொரு மேடு, அடுத்த மாதம் இன்னொன்று. ஃப்ராய்டின் தொண்ணூறுகளுக்குப் பிந்தைய படங்களில் முகத்தின் சில இடங்களில் வண்ணம் சொரசொரவென்று கொப்புளம்போலத் திரண்டிருப்பது இப்படித்தான் வந்தது. அதை ஒரே நாளில் அப்பி வரவழைக்க முடியாது.

இந்தச் சொரசொரப்பைப் பார்த்து மயங்கி வரைபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: டைட்டானியம் வெள்ளையில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிக் கலந்து, கரண்டியால் அள்ளுவதுபோல ஒரே நாளில் அரை சென்டிமீட்டர் அப்பிவிடுவார்கள். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகுகிறது. மேல் தோல் முதலில் இறுகும், உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். உள்ளே இருப்பது பிறகு இறுகி அசையும்போது மேல் தோல் சுருங்கிச் சுருக்கம் விழும். அதேபோல எண்ணெய் மிகுந்த பூச்சு அடியிலும் எண்ணெய் குறைந்த பூச்சு மேலேயும் வந்தால், மேல் பூச்சு காய்ந்த பின்னும் அடி அசைந்துகொண்டே இருக்கும், மேலே விரிசல் ஓடும். அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் வர வேண்டும் என்ற பழைய விதி இதற்காகத்தான். ஃப்ராய்டுக்கு அவருடைய மந்த வேகமே காவலாக இருந்தது. ஓர் இடத்துக்கு அவர் மறுபடி வருவதற்குள் அது காய்ந்திருக்கும்.

ஈய வெள்ளை விஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். குழைத்த வண்ணமாக இருக்கும்போது ஆபத்து வாய் வழியாகத்தான்: தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குவது, கை கழுவாமல் சாப்பிடுவது. காய்ந்த வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்தால் தூசு நுரையீரலுக்குள் போகும், அது இன்னும் மோசம். ஐரோப்பாவில் இதன் விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் வந்ததும் இதனால்தான்.

நிறங்களில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. எந்த நிறமும் 'நான் நிறம்' என்று எழுந்து நிற்கக் கூடாது. பளீரென்ற சிவப்போ நீலமோ பார்ப்பவருடைய உணர்ச்சியைத் தனியாகப் பிடித்து இழுக்கும். அது ஆளிடமிருந்து கவனத்தைப் பறிக்கும் என்று நினைத்தார். 1973-இல் முடித்த 'பெரிய உள்ளறை, டபிள்யூ 9' (லண்டனின் ஓர் அஞ்சல் பகுதி) படத்தில் அவருடைய அம்மா லூசி தோல் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நாற்காலிக்கு அடியில் ஒரு கல்வமும் குழவியும் தெரிகின்றன. அழகுக்காக வைத்ததல்ல. கரியைப் பொடித்து வண்ணத்தில் கலந்து நிறத்தை அடக்குவதற்கு அவர் வைத்திருந்த ஸ்டூடியோச் சாமான் அது. அதே படத்தில் பின்னால் போர்வைக்கு அடியில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றாக அந்த அறையில் இருந்ததே இல்லை, தனித்தனியாக வந்து மாடலாக இருந்தவர்கள். படத்துக்குள் அவர்களுக்கு இடையே இருக்கும் மௌனத்துக்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது.

வரையும் முறைக்கு வருவோம். வெள்ளைப் பூச்சுக் கொடுத்த கேன்வாஸில் கரிக்கோலால் தளர்வாகச் சில கோடுகள்: எது எங்கே என்ற குறிப்பு மட்டும், அவுட்லைன் அல்ல. பிறகு வண்ணம். கல்லூரிகளில் சொல்லித்தருவதுபோல முழுக் கேன்வாஸையும் மெல்லிய நிறத்தால் மூடி, பெரிய வெளிச்சம் நிழலைப் பிரித்து, பிறகு நுணுக்கத்துக்குப் போவதில்லை. முகப்படம் என்றால் இரண்டு கண்ணுக்கு நடுவிலோ மூக்குத் தண்டிலோ ஓர் இடத்தில் ஆரம்பிப்பார். அங்கிருந்து படம் வெளிநோக்கிப் பரவும், பாசி படர்வதுபோல. வாரக்கணக்கில் வெள்ளைக் கேன்வாஸ் நடுவே ஒரு மூக்கும் நெற்றியும் மட்டும் மிதந்துகொண்டிருக்கும்.

ஒவ்வொரு இழுப்புக்கும் பேலட்டில், அதாவது வண்ணம் கலக்கும் பலகையில், புதிதாக நிறம் கலப்பார். ஒரு நிறத்தைக் குவியலாகக் கலந்து வைத்துக்கொண்டு கன்னம் முழுக்கப் பூசுவது கிடையாது. கலந்தார், பார்த்தார், வைத்தார், தூரிகையைத் துணியில் துடைத்தார். மறுபடி கலந்தார். தோலில் பக்கத்துப் பக்கத்து இரண்டு இடங்கள் ஒரே நிறமாக இருப்பதில்லை என்பதுதான் இதன் நியாயம். துடைக்கத் தவறினால் என்ன ஆகும் என்பது வரைபவர்களுக்குத் தெரியும்: முந்தைய நிறத்தின் மிச்சம் அடுத்ததில் கலந்து, நாலாவது இழுப்பில் எல்லாம் சேறாகிவிடும். அதனால் துணி மலைபோலச் செலவானது. ஹோட்டல்கள் கழித்துவிட்ட பழைய வெள்ளைத் துணிகளை மூட்டையாக வாங்கிக் கிழித்து வைத்துக்கொள்வார், ஒரு துண்டை இடுப்பில் ஏப்ரன்போலச் செருகிக்கொள்வார். துடைத்துப் போட்ட துணிகள் அறை மூலையில் குன்றாகச் சேர்ந்தன. 1988–89-இல் வரைந்த 'கந்தல்களின் அருகே நிற்பவள்' படத்தில் அந்தக் குன்றே பாதிப் படம். நிர்வாணமாக நிற்கும் பெண் அதில் சாய்ந்திருக்கிறார். பேலட்டில் மிஞ்சிய வண்ணத்தைக் கத்தியால் வழித்து ஸ்டூடியோச் சுவரிலும் கதவிலும் தேய்த்துவிடுவார். பத்துப் பதினைந்து ஆண்டில் சுவரில் வண்ணம் மரப்பட்டைபோலத் தடித்துப்போனது, அந்தச் சுவரும் பல படங்களுக்குப் பின்னணி ஆனது.

நடுவிலிருந்து பரவும் முறைக்கு ஒரு விலை உண்டு. இடம் போதாது. மூக்கு ஒரு இம்மி பெரிதாகிவிட்டால் அதே விகிதத்தில் தலை பெரிதாகும், தோள் விளிம்பைத் தாண்டும். ஓவியப் பள்ளியில் இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். ஃப்ராய்ட் கேன்வாஸை நீட்டினார்: விளிம்பில் இன்னொரு துண்டைச் சேர்த்து அதன்மேலும் வரைந்துகொண்டு போனார். எலிசபெத் ராணியின் முகத்தை 2000 மே முதல் 2001 டிசம்பர் வரை வரைந்தபோதும் இதுவே நடந்தது. 23.5-க்கு 15.2 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள படம் அது. முகம் வளர்ந்த பிறகு மணிமுடிக்கு இடமில்லாமல் போக, மேலே கேன்வாஸை நீட்டித்துத்தான் வைர முடியை வைத்தார். படம் வெளியானபோது பத்திரிகைகளில் பாதி திட்டின. உள்ளங்கை அளவு இடத்தில் தாடை, கழுத்து, அந்த மணிமுடியின் கனம் மூன்றையும் நிறுத்தியிருப்பதைப் பார்த்தவர்கள் குறைவு.

நேரம்தான் அவருடைய உண்மையான முதலீடு. பகல் படங்கள், இரவுப் படங்கள் என்று இரண்டு வரிசை ஓடும். பகல் வெளிச்சத்தில் தொடங்கியது பகலில் மட்டும், மின்விளக்கில் தொடங்கியது இரவில் மட்டும். மாடல்களும் வேறு வேறு. ஓவியர் டேவிட் ஹாக்னி 2002-இல் அவருக்காக நூறு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்தார். பதிலுக்கு ஃப்ராய்ட் ஹாக்னிக்கு உட்கார்ந்தது சில மணி நேரம்தான். ஹாக்னி அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டுவார். 2006–07-இல் வரைந்த 'ரியா, நிர்வாண உருவப்படம்' பதினாறு மாதம் எடுத்தது. மாடல் விடுப்பு எடுத்தது நான்கு மாலைகள் மட்டும். ஒரு அமர்வு சராசரி ஐந்து மணி நேரம் என்று வைத்தால் ஏறக்குறைய 2,400 மணி நேரம். பின்னணியை வரையும்போதும், தரைப் பலகையை வரையும்போதும்கூட ஆள் அங்கே இருக்க வேண்டும். ஒருவர் அறையில் இருந்தால் வெளிச்சம் மாறும், தரை மாறும், வரைபவரும் மாறுவார் என்பது அவர் கொள்கை.

புகைப்படத்திலிருந்து வரைபவர்கள் இதை வீண் என்பார்கள். ஆனால் இந்த 2,400 மணி நேரத்தில் மாடல் களைக்கிறார், தூங்குகிறார், எடை கூடுகிறார், முகத்தில் வைத்திருந்த பாவனை முதல் பத்து நாளிலேயே உதிர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவதைத்தான் அவர் வரைந்தார். செடியிடமும் இதே பிடிவாதம். 'இரண்டு செடிகள்' 1977-இல் ஆரம்பித்து 1980 வரை போனது. அதற்குள் இலைகள் பழுத்து உதிர்ந்தன, புதியவை முளைத்தன. ஒவ்வொரு இலையையும் தனி உருவப்படமாகவே எடுத்துக்கொண்டார். கேன்வாஸில் இருப்பது மூன்று ஆண்டு இலைகளின் கூட்டம், எந்த ஒரு நாளிலும் அந்தச் செடி அப்படி இருந்ததில்லை.

யாரை வரைந்தார் என்பதிலும் வெளியே போகவில்லை: மனைவிகள், காதலிகள், மகள்கள், நண்பர்கள், குதிரைப் பந்தயத் தரகர்கள், நாய்கள். கூலி மாடல்கள் குறைவு. அம்மாவை மட்டும் எழுபதுகள்வரை அவர் பெரிதாக வரையவில்லை. இளமையில் அம்மாவின் அளவுக்கு மீறிய அக்கறை அவருக்கு மூச்சுமுட்டியது. 1970-இல் அப்பா இறந்தார், அம்மா தற்கொலைக்கு முயன்று பிழைத்தார், உலகத்தில் எதன்மீதும் நாட்டமற்றுப் போனார். மகன்மீதும்தான். அதன் பிறகே அவரை உட்காரவைத்து வரைய மகனால் முடிந்தது. 1972 தொடங்கி பன்னிரண்டு ஆண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமர்வுகள். அவர் வரைந்தவற்றிலேயே ஆகச் சிறந்தவை அந்த அம்மா படங்கள்தான் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. விலைப்பட்டியல் வேறு சொல்லும்.

நிர்வாண உருவங்களை அவர் 'நிர்வாண உருவப்படம்' என்றே அழைத்தார். பெயரற்ற உடல் அல்ல, பெயருள்ள ஆள் உடையில்லாமல் இருக்கிறார் என்று பொருள். இவற்றில் தலையை இன்னொரு கை, இன்னொரு கால் என்ற அளவில்தான் வைத்தார், பாவம் முகத்தில் மட்டும் குவியாமல் உடல் முழுக்கப் பரவ வேண்டும் என்பதற்காக. தொண்ணூறுகளில் மேடைக் கலைஞர் லீ பவரியின் மாபெரும் முதுகும், அரசின் உதவித்தொகை அலுவலகத்தில் வேலை பார்த்த சூ டில்லியின் உடலும் அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தன. எதிர்ப்பும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. 1994-இல் பெண்ணியக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் கடுமையாக எழுதினார். உடையுடன் நிற்பவர் உடையின்றிக் கிடப்பவரை மேலிருந்து மாதக்கணக்கில் பார்ப்பதில் அதிகாரம் யார் கையில் என்பது கேட்க வேண்டிய கேள்விதான். வளர்ந்த மகள்களை அப்படி வரைந்தபோது கேள்வி இன்னும் கூர்மையானது. 1993-இல், எழுபது வயதில், லேஸ் கட்டாத பூட்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு, கையில் பேலட்டும் கத்தியுமாகத் தன்னையே நிர்வாணமாக வரைந்தார். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பதில் ஆகாது, கண்ணாடிக்கு முன் நிற்பவருக்கு எப்போது உடை மாட்டுவது என்ற முடிவு தன் கையில்தான் இருக்கிறது.

புகழ் தாமதமாகத்தான் வந்தது. 1974-இல் லண்டன் ஹேவர்ட் கேலரியில் முதல் மீள்பார்வைக் கண்காட்சி. 1987-இல் வாஷிங்டனில் தொடங்கி பாரிஸ், லண்டன், பெர்லின் என்று சுற்றிய கண்காட்சிதான் அவரை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுபோனது. பேக்கன் படம் களவுபோனது அந்தச் சுற்றில்தான். 2008-இல் சூ டில்லி சோஃபாவில் உறங்கும் படம் நியூயார்க் ஏலத்தில் 3.36 கோடி டாலருக்குப் போனது, உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவருக்கு அன்றைக்கு அதுவே உச்ச விலை. 1981–83-இல் வரைந்த 'பெரிய உள்ளறை, டபிள்யூ 11' 2022-இல் 8.63 கோடி டாலரைத் தொட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் வாட்டோவின் ஒரு சிறு படத்தை நினைவில் வைத்து, பூங்காவில் பட்டாடையில் அமர்ந்தவர்களுக்குப் பதிலாகத் தன் சொந்த மனிதர்களை ஒரு கட்டிலில் நெருக்கி உட்காரவைத்த படம் அது. பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

2011 ஜூலை 20-இல் அவர் லண்டனில் தன் வீட்டில் இறந்தபோது, ஈசலில் ஒரு படம் பாதியில் இருந்தது. உதவியாளர் டேவிட் டாசனும் ஈலை என்ற அவருடைய விப்பெட் நாயும் இருக்கும் படம். மனிதரின் தலையிலும் மார்பிலும் வண்ணம் மேடு மேடாகத் திரண்டிருக்கிறது. விளிம்பை நோக்கிப் போகப்போக மேடு தாழ்கிறது, இழுப்புகள் தனித்தனியாகப் பிரிகின்றன. நாய் இருக்கும் பக்கம் பாதி வந்திருக்கிறது, அதற்கப்பால் வண்ணம் எட்டாத வெற்றுக் கேன்வாஸ்.